திங்கட்கிழமைக் கப்பல்

ஒருவருக்குப் பன்னிரண்டு நிமிடம்.
தூக்கம் உண்டா, பசி உண்டா, குரல் கேட்கிறதா.
பதிலுக்கு முன்பே பேனா எழுதிவிடும்.
டாலினில், பைன் மரங்களுக்குள் ஒளிந்திருந்த மருத்துவமனையில்
ஒன்பது வருடம் நான் கெட்டிக்காரி.

ஆர்வெத் லூக், கப்பல் பட்டறையில் பற்றவைப்பவர்,
சுவருக்குள் யாரோ தட்டுவதாகச் சொன்னார்.
இரண்டு தட்டு, ஓர் இடைவெளி, ஒரு தட்டு.
மில்லிகிராமைக் கூட்டினேன்.
நாலாவது வாரம் தட்டல் நின்றது.
கோப்பில் 'நலம்' என்று எழுதும்போது
தொப்பியைத் திருகிக்கொண்டே கேட்டார்:
"இனிமேல் என்னைப் பார்க்க யார் வருவார், டாக்டர்?"
அடுத்தவரை உள்ளே அனுப்பச் சொன்னேன்.

அன்றே எல்லாம் மாறியது என்றால் கதை அழகாக இருக்கும்.
எட்டு மாதம் அவரை மறந்தே போனேன்.
பிறகு ஒரு சாயங்காலம், பனி படிந்த பேருந்துக் கண்ணாடியில்
என் விரல் தட்டிக்கொண்டிருந்தது:
இரண்டு, இடைவெளி, ஒன்று.

பிறர் ஆழத்தில் இறங்க விரும்புகிறவர்
முதலில் தானே படுத்துப் பேச வேண்டும் என்பது விதி.
தலைமாட்டில் உட்கார்ந்து கேட்க
எங்கள் ஊரில் அப்போது ஆளில்லை.
வளைகுடாவின் அக்கரையில், ஹெல்சின்கியில், இருந்தார்
அவுலிஸ் ஹியெதாலா.
திங்கள் காலைக் கப்பல், புதன் இரவு திரும்பல்.
சம்பளத்தில் பாதி டிக்கெட்டுக்கு,
மீதியில் பெரும்பகுதி அவருக்கு.

மலிவுச் சாராயத்தைத் தள்ளுவண்டியில் கட்டி
வீடு திரும்பும் பின்லாந்துக்காரர்கள் நடுவே
கைவீசிக்கொண்டு இறங்குவேன்.
சுங்க அதிகாரிக்கு என்மேல்தான் சந்தேகம்.
"அறிவிக்க ஏதாவது உண்டா?"
ஒன்றுமில்லை.
பச்சைத் துணி விரித்த சோபாவிலும்
முதல் வருடம் முழுக்க அதே பதில்தான்.
பன்னிரண்டு நிமிடத்தில் நான் பிறரிடம் கறந்ததை
ஐம்பது நிமிடத்திலும் அவர் என்னிடம் கறக்கவில்லை.
கைவைக்கக்கூட இல்லை.

அவர் மொழியும் என் மொழியும் அக்கா தங்கை.
எங்களுக்குப் 'புல்ம்' என்றால் கல்யாணம்,
அவர்களுக்குப் 'புல்மா' என்றால் சிக்கல்.
இரண்டும் ஒன்றுதானே என்று சிரித்தேன்.
அவர் சிரித்தாரா தெரியாது,
முகம் என் தலைக்குப் பின்னால்.

இரண்டாம் வருடம், நவம்பர்,
நாலு மணிக்கே இருட்டிவிட்ட ஒரு நாள்.
"ஜன்னல் விளிம்பில் அம்மா வைத்துப்போன பால்" என்றேன்.
பதற்றத்தில் பால் மட்டும் என் மொழியில் வந்தது: 'பீம்'.
அவர் காதில் விழுந்தது 'பீமா'. மோர்.
"புளித்திருந்ததா?" என்றார்.
தவறாகக் கேட்டுவிட்டீர்கள் என்று திருத்த
வாயைத் திறந்தேன்.
திறந்த வாய் அப்படியே நின்றது.

புளித்துத்தான் இருந்தது.

வாரக் காப்பகம். திங்கள் காலை விட்டால்
சனி மாலைதான் கூட்டிப்போவார்கள்.
அம்மாவுக்கு நூற்பாலையில் இரவு ஷிப்ட்.
மூன்று வயதில் நான் அந்தக் குவளையை
திரைச்சீலைக்குப் பின்னால் ஒளித்துக் காவல் காத்தேன்.
குடித்தால் அம்மா தீர்ந்துவிடுவாள்.

"திங்கட்கிழமை" என்றார் ஹியெதாலா.
அவ்வளவுதான்.
அன்று திரும்பும்போது அலை அதிகம்,
மேல்தளத்தில் நின்று நன்றாக வாந்தியெடுத்தேன்.

தட்டல் மட்டும் எங்கிருந்து வந்ததென்று
இன்றுவரை பிடிபடவில்லை.

ஆறு வருடம் கழித்து, ஒரு வாடகை அறை, இரண்டு நாற்காலி.
ஆர்வெத்தை நான் தேடவில்லை,
மாத்திரையைக் குறைக்கச் சொல்லி அவராகவே வந்தார்.
அரை மாத்திரை தொடரட்டும் என்று எழுதிக்கொடுத்தேன்.
பேனாவை நான் ஒன்றும் கடலில் எறிந்துவிடவில்லை.
பிறகு கேட்டேன்: "அந்தச் சுவர், கட்டிலுக்கு எந்தப் பக்கம்?"
வெகுநேரம் என்னைப் பார்த்தார்.
"இடப்பக்கம். தம்பி படுத்திருந்த அறை" என்றார்,
சொன்னதும் பழக்கத்தில் எழுந்து தொப்பியை எடுத்தார்.

பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

"இன்னும் முப்பத்தெட்டு இருக்கிறது" என்றேன்.
"அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?"
எனக்கும் தெரியாது என்றேன்.
தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு
மெதுவாக உட்கார்ந்தார்.